மறைக்காமல் எழுதிய கடிதம்

அவர்கள் வாசல் வழியாக வரவில்லை. வந்திருந்தால் தோமாசா குழாயை அடித்திருப்பாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கென்றே ஒரு சுத்தியலும் வைத்திருந்தோம். தெரியாத வண்டி எது வந்தாலும் பார்த்தவர் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். குடியுரிமைக் காகிதம் இருக்கிறவர்கள் முன்னால், இல்லாதவர்கள் பின்னால். ஜூன் மாதத்திலிருந்து இரண்டு முறை அப்படி நின்று, இரண்டு முறையும் வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தோம்.

மூன்றாம் முறை அவர்கள் மக்காச்சோளக் காட்டுக்குப் பின்னால் போகும் மண்பாதையில் வந்தார்கள். அது டிராக்டர் தடம். செப்டம்பரில் சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்போது அப்படி ஒரு பாதை இருப்பதே எங்கள் முப்பது குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. காலை ஆறரை மணி. துவா தன் கொட்டகை முன்னால் உட்கார்ந்து வெங்காயத்தாள் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிக்கானோர் ரப்பர் வளையம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோமாசா ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தபோது பாதையில் புழுதிதான் மிச்சம். ஆனாலும் கை ஓயும்வரை அடித்தாள்.

அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்துக்குத் தெற்கே, முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது நாங்கள் குத்தகைக்கு எடுத்த நிலம். மேற்குப் பாதியில் லாவோஸ் மலைகளை விட்டு அகதிகளாக வந்த ஹ்மோங் ஆட்கள் நாங்கள். பயறும் பாகலும் எலுமிச்சைப்புல்லும் போடுவோம். கிழக்குப் பாதியில் மெக்சிகோக்காரர்கள். மிளகாய், பூசணி, பச்சைத் தக்காளி. ஐந்து வருடம் ஒரே தொட்டியில் தண்ணீர் எடுத்தும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல்தான் இருந்தோம். குடியேற்றத் துறைக்காரர்கள் ஆட்களைப் பிடித்து நாடுகடத்த ஆரம்பித்த பிறகுதான் பெயர் கேட்டுக்கொண்டோம். கூரை வேய்கிற நிக்கானோர் தங்கியிருந்த வீட்டை ஜூலையில் சுற்றி வளைத்தபோது, அவன் அக்கா தோமாசா அவனை நேராகத் துவாவின் கொட்டகைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். துவா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டான்.

துவாவுக்கே தலைக்கு மேல் கத்திதான். தாய்லாந்து அகதி முகாமில் பிறந்து, நான்கு வயதில் இங்கே வந்தவன். பத்தொன்பது வயதில் ஒரு நடனக் கூடத்து வாசலில் அடிதடி. எதிராளியின் தோள் எலும்பு முறிந்தது. இரண்டு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வரும்போது, உன்னை லாவோசுக்கு அனுப்பத் தீர்ப்பாகிவிட்டது என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். லாவோஸ் அப்போது யாரையும் வாங்கிக்கொள்ளவில்லை. காகிதம் அலமாரியில் கிடந்தது. இருபத்தெட்டு வருடம் பயறு நட்டான், இரண்டு பெண் பிள்ளைகள் பெற்றான், ஒருத்தி நர்ஸ் படிப்பு முடிக்கப் போகிறாள். இப்போது லாவோஸ் வாங்கிக்கொள்கிறது. அவன் ஒரு நாளும் கால் வைக்காத நாடு அது.

பின்பாதையைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நிலம் முழுக்க அதே பேச்சு. நிலத்துக்காரர் என்றார்கள். காய்கறி ஏற்ற வரும் லாரிக்காரன் என்றார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் வெட்கமில்லாமல், மெக்சிகோக்காரனுக்கு இடம் கொடுத்ததால் வந்த வினை என்றார்கள்.

எனக்கு யார் என்று தெரியும். எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

துவாவின் பெரியப்பா வாசெங்கைத் தெரியாத ஹ்மோங் வீடு இந்த ஊரில் கிடையாது. கல்யாணம் பேச, முறிந்த கல்யாணத்தை ஒட்ட, குலத்துக்கும் குலத்துக்கும் வழக்குத் தீர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கறுப்புக் குடையில் கோடு போட்ட துணியைச் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினால் பாதி வழக்கு தீர்ந்த மாதிரி. எங்கள் வழக்கப்படி தூது தனியாகப் போகக்கூடாது. இரண்டு பேர் வேண்டும். பத்து வருடமாக அந்த இரண்டாவது ஆள் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்ததால் எனக்கு ஆங்கிலம் எழுத வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் பழுக்காத பப்பாளியை இடித்துச் செய்த காரம், ஒட்டரிசிச் சோறு. கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நெங், எங்க குலத்துல பழைய தீர்ப்பு உள்ளவங்க ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் நாம போய்ப் பேசுறோம்."

"யாருகிட்ட பெரியப்பா?"

"ஆளப் பிடிக்கிற அந்த ஆபீசுலதான். வேற யாருகிட்ட? தப்பு நம்ம பக்கம். தப்பு செஞ்சவன் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேர் போறது, ஒண்ணு விடாம ஒத்துக்கிறது, ரெண்டு தடவ மண்டியிடுறது. அவன் நாலு வார்த்தை திட்டுவான். அப்புறம் சரி போங்கம்பான். நான் முடிச்ச வழக்கெல்லாம் இப்படித்தானே முடிஞ்சுது?"

"அவங்க நம்ம மாதிரி ஆளுங்க இல்லியே."

"மனுசன்தானேடா? இந்த மெக்சிகோக்காரங்க ரோட்டுல நின்னு கத்துறாங்க. கத்துனா எவன் மன்னிப்பான்? கேக்கத் தெரியல அவங்களுக்கு. நமக்குத் தெரியும். எழுது."

எழுதினேன். ஒவ்வொருவன் பெயர், எந்த வருடம் என்ன தப்பு, இப்போது எங்கே வேலை, எங்கே படுக்கிறான், எத்தனை பிள்ளை. துவா பெயர் வந்தபோது, "கொட்டகையில நிக்கானோர் இருக்கிறதையும் போடு" என்றார்.

"அது நம்ம விசயம் இல்ல பெரியப்பா. வேண்டாம்."

"நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சா? மறைச்சான்னு வரும். ஒண்ணு மறைச்சா மன்னிப்பு மொத்தமும் செல்லாது. ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். மறைத்த தப்பு ஒன்று பின்னால் வெளியே வந்து, தீர்ந்த வழக்குகள் திரும்ப வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன். 'நிக்கானோர், தோமாசாவின் தம்பி, கொட்டகையில் இருக்கிறான்; சோளக்காட்டுக்குப் பின்னால் உள்ள மண்பாதையில் போனால் வரும்' என்று தெளிவாக, நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பாதையைச் சேர்க்கச் சொன்னதுகூட அவர் இல்லை. விலாசம் இல்லாத இடத்துக்கு வழி எழுதுவது என் ஆபீஸ் பழக்கம்.

போனோம். வாசலில் காவலாளி குடையை வாங்கிச் சோதனை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தான். உள்ளே ஒரு இளைஞன், நல்ல மரியாதைக்காரன். கிழவர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டபோது பதறிப்போய்த் தூக்கிவிட்டான். கடிதத்தைப் படித்து, "இது எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும் ஐயா" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் கிழவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பத்தொன்பது நாளில் ஒன்பது பேரையும் பிடித்துவிட்டார்கள்.

துவாவின் பெண்டாட்டி பாஞியா பிறந்தது ஹெர் குலம். நானும் ஹெர். எங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் பிறந்த குலப் பெயர் மாறாது. அவளுக்கு ஒரு அநியாயம் என்றால் பிறந்த குலத்து ஆண்தான் போய்க் கேட்க வேண்டும். அவள் கூடப் பிறந்தவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. அதனால் அவளுக்கு அண்ணன் என்றால் நான்தான். பிடித்துக்கொண்டு போன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க கேளுங்கண்ணே, யார் சொன்னதுன்னு நீங்க கேளுங்க" என்று அழுதாள். கேட்கிறேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு, விமான நிலையத்துப் பக்கம் அவர்களை அடைத்து வைத்திருந்த கட்டடத்துக்கு எதிரே கூட்டம். முதல் நாள் தோமாசாவின் ஆட்கள் நாற்பது பேர். மூன்றாம் நாள் எங்களவர்கள் இருநூறு பேர். தோமாசா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பிடிபட்ட ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுவாள். கூட்டம் "பிரெசென்தே!" என்று பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் பெண்களுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. அவர்களும், யாராவது நோயில் விழுந்தால், அவர் உடம்பை விட்டுக் காணாமல் போன உயிரை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தானே.

"தூ... வா. சரியா?" என்று தோமாசா கேட்பாள்.

"இல்ல, குரல் தரையில விழுந்து கெடக்குது. மேல தூக்கணும். துவா!" என்பாள் பாஞியா.

"நான் பேரைக் கூப்பிடுறேனா, பாட்டுப் பாடுறேனா?"

"ஒங்க தம்பி பேரு மட்டும் என்ன? நிக்... கா... சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸே போயிடும்."

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் பாஞியாவுக்கு அழுகை வரும். தோமாசா சோளத்தோகையில் மடித்து அவித்த தமாலைப் பிரித்து, "வாயைத் திற. வெறும் வயித்துல கத்துனா நாளைக்குக் குரல் இருக்காது" என்று ஊட்டிவிடுவாள். பாஞியா வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ச் சாந்தைத் தோமாசா அதன்மேல் தடவிக்கொள்வாள். முன்வரிசையில் வாசெங் குடையை ஊன்றி நிற்பார். கத்தக்கூடாது என்றவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். அவர் நடிக்கவில்லை. அந்த இளைஞன் கடிதத்தை மேலே அனுப்பவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள், மறுநாள் உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். நிலத்தில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பயறும் மிளகாயும் பறித்துக்கொண்டிருந்தோம். பனி விழுந்தால் பயற்றங்காய் கறுத்துப்போகும். பாஞியா காலையில் வக்கீலைப் பார்த்துவிட்டு மத்தியானம்தான் வந்தாள். கூடையை எடுக்காமல் நேராக என் வரப்புக்கு வந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"வக்கீலம்மா இவரோட கட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்கண்ணே."

பிரிக்காமலே தெரிந்தது. என் எழுத்து அமைப்பு, என் ஓர இடைவெளி.

"படிங்கண்ணே. எனக்கு இங்கிலீசு எங்க வருது?"

படித்தேன். ஒவ்வொரு வரியாக எங்கள் மொழியில் சொன்னேன். தோள் எலும்பு முறிந்தது, பத்தொன்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். நிக்கானோர் வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். மண் ஒட்டிய விரலை அவள் காகிதத்தில் வைத்தாள்.

"இங்க ஒரு வரி விட்டுட்டீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எம் பொண்ணு காலையிலேயே படிச்சுச் சொல்லிட்டா. நீங்க எதை விடுவீங்கன்னு பாக்கத்தான் குடுத்தேன்."

"பாஞியா, பெரியப்பா நல்லதுன்னு நெனச்சு..."

"பெரியப்பாவுக்கு எழுதத் தெரியாது."

"மன்னிச்சு விட்டுடுவாங்கன்னு நெனச்சோம்மா. நம்ம முறைப்படி..."

"எட்டு நாளா எங்கூட வந்து நின்னீங்க. யாருன்னு கேக்குறேன்னு எங்கிட்டச் சொன்னீங்க. யாருகிட்டக் கேட்டீங்க? கண்ணாடியிலயா?"

அவள் காகிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, போய்த் தன் பயற்றங்காயைப் பறிக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போனேன். கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்று நான்கு மணிக் கூட்டத்திலும் வந்து நின்றாள். தோமாசா ஊட்டினாள், பாஞியா மென்றுகொண்டே நின்றாள். விழுங்கியதை நான் பார்க்கவில்லை.

கிழவரிடம் சொன்னேன். அவர் முகம் ஒடுங்கிப்போயிற்று. அன்று சாயங்காலமே குடையும் ஒரு சாராயப் புட்டியுமாக அவள் வீட்டுக்குப் புறப்பட்டார். இரண்டாவது ஆள் வேண்டுமே, நானும் போனேன். அவள் அடுப்படியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதுக்காரர் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பில் இரண்டு முறை மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார். எங்கள் முறைப்படி அவள் நான்கு வார்த்தை திட்டிவிட்டு, எழுந்திருங்கள் என்று சொல்ல வேண்டும்.

"எழுந்திருங்க பெரியப்பா" என்றாள். திட்டவில்லை. "எனக்கு முன்னாடி விழுந்து என்ன பண்றது? தோமாசாகிட்டப் போய் விழுங்க."

கிழவர் திகைத்துப் போனார். "அவங்க வேற ஆளுங்கம்மா. அவங்களுக்கும் நமக்கும் நடுவுல முறைன்னு ஒண்ணு இல்லியே. எந்த வாசல்ல போய், எந்த வார்த்தை சொல்லி நிக்கிறது?"

"அந்த ஆபீசுக்காரன் மட்டும் நம்ம ஆளா? அவன் காலுல விழ முறை இருந்துச்சே."

"அது... மேல இருக்கிறவங்க..."

"ஆமா. மேல இருக்கிறவன் காலுல விழலாம், பக்கத்துல நிக்கிறவ காலுல விழக்கூடாது. நல்ல முறைதான். புட்டிய எடுத்துட்டுப் போங்க."

கிழவர் குடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் காலை நிலம் வெள்ளையாக இருந்தது. பறிக்காமல் விட்ட பயறு அத்தனையும் கறுத்துத் தொங்கியது. தோமாசா துவாவின் கொட்டகை முன்னால் கங்கு போட்டுக் கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். பாஞியாவைக் கண்டதும் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். நான் பத்தடி தள்ளிப் பூசணியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து போய்விடவும் கால் வரவில்லை.

"வேண்டாம், மூடு. மொதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றாள் பாஞியா.

அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நின்றுகொண்டே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. காகிதத்தையும் கொடுத்தாள். தோமாசா அதைப் படித்தாள். தம்பி பெயர் வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு திரும்பப் படித்தாள்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"நேத்துக் காலையில."

"நேத்து சாயங்காலம் நான் ஒனக்கு ஊட்டினேன்."

"ஆமா."

"ஒன் புருசன் பேரை எத்தனை தடவ கத்தினேன் தெரியுமா? அதுல ஒரு தடவையாவது என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்ல?"

தோமாசா தூக்குப்பாத்திரத்தை மூடினாள்.

"நிக்கானோர் போன்ல என்ன சொன்னான் தெரியுமா? ராத்திரியில எங்க படுத்தே, இடம் குடுத்தது யாருன்னு கேட்டாங்களாம். தொட்டிக்குப் பக்கத்துல மரத்தடியில படுத்தேன், யாருக்கும் தெரியாதுன்னானாம். கட்டில் குடுத்தவன் மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னானாம்." அவள் காகிதத்தைத் தட்டினாள். "அவன் மரத்தடின்னு சொல்லிக்கிட்டு இருக்கான். நீங்க பாதையே போட்டுக் குடுத்துட்டீங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கடிதத்தின் அடியில் கிழவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. வாய்க்குள் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தாள். தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தாள். நான் பூசணியைப் போட்டுவிட்டு அவள் பின்னால் இரண்டு எட்டு வைத்தேன்.

"நிக்கிறீங்களா?" என்றாள் பாஞியா. "நடுவுல இனிமே நீங்க யாரும் போக வேண்டாம்."

மத்தியானம் வக்கீல் கூப்பிட்டார். துவாவையும் மற்ற எட்டுப் பேரையும் விடியற்காலையிலேயே தெற்கே ஏதோ ஒரு மாநிலத்துக்கு விமானத்தில் கொண்டுபோய்விட்டார்கள், அங்கிருந்து லாவோஸ். நிக்கானோரை எல்லைக்கு அனுப்பியாயிற்று. அந்தக் கட்டடத்தில் இனி எங்கள் ஆள் ஒருவரும் இல்லை.

கூட்டம் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இருந்தது. ஆனால் சாலைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நின்றது. தோமாசாவின் ஆட்கள் எதிர்ப்பக்க நடைபாதையில், எங்களவர்கள் இந்தப் பக்கம். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அவர்களோடு, பின்வரிசையில் நின்றுகொண்டேன்.

எதிர்ப்பக்கமிருந்து தோமாசாவின் ஒலிபெருக்கி முதலில் கேட்டது.

"துவா!"

எட்டு நாளாக வராத குரல் ஏற்றம் அன்று சரியாக வந்தது. இரண்டு பக்கமும் "பிரெசென்தே!" என்று கத்தின. அவள் பாஞியாவைப் பார்க்கவில்லை.

பாஞியா இந்தப் பக்கத்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள். "நிக்கானோர்!" முழுப் பெயரும், ஓர் எழுத்துக்கூடத் தேயாமல் வந்தது.

"பிரெசென்தே!"

அப்படியே மாறி மாறிப் போயிற்று. தன் புருசனைப் பாஞியாவும் தன் தம்பியைத் தோமாசாவும் கூப்பிடவில்லை. இவள் புருசனை அவள் கூப்பிட்டாள், அவள் தம்பியை இவள் கூப்பிட்டாள். மற்ற எட்டுப் பேரையும் பாஞியா ஒவ்வொருவராகச் சொன்னாள். ஒன்பது முடிந்துவிட்டது, ஒலிபெருக்கியை இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இறக்கவில்லை. கூட்டத்துக்குள் தேடினாள். கண்டுபிடித்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நெங் ஹெர்!"

பழக்க தோஷத்தில் கூட்டம் "பிரெசென்தே!" என்று கத்தியது. பக்கத்தில் நின்ற ஓரிருவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல் தனியாக வந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே தோமாசா நிதானமாக அதே பதிலைச் சொன்னாள்.

அன்று கூப்பிட்ட பெயர்களில் உண்மையாகவே அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான்.